மண்ணில் குரோமியம் இருக்கிறது, கிணற்றில் இல்லை: எங்கே போனது?

பாலாறு_கழனி
வணக்கம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் பாலாற்றங்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு இரண்டேகால் ஏக்கர் கழனி இருக்கிறது. அப்பா காலத்தில் நெல், மணிலா, கேழ்வரகு எல்லாம் விளைந்தது. மேற்கே இருந்த தோல் ஷாப்புகளின் கழிவு ஓடை வழியாக வந்து எங்கள் மேற்கு வரப்பு வரை தேங்கி நிற்குமாம். இப்போது அது நின்று பல வருடம் ஆகிறது. தென்னையும் மாட்டுக்குக் கொஞ்சம் புல்லும்தான் மிச்சம்.

மறுபடி பயிர் வைக்கலாமா என்று மண்ணையும் தண்ணீரையும் ஒரு தனியார் லேபில் கொடுத்தேன்.

மண் (மேல் அரையடி, மேற்கு வரப்பு ஓரம்): மொத்தக் குரோமியம் 210 மி.கி./கிலோ. குரோமியம்-6 கண்டறியப்படவில்லை. பி.எச். 8.1.
திறந்த கிணறு: மொத்தக் குரோமியம் 0.02 மி.கி./லிட்டர். டி.டி.எஸ். 3,400. குளோரைடு 1,500. சோடியம் 900. கால்சியம் 200. மெக்னீசியம் 120.

ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்கிறார் ஒருவர். கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, இன்னும் பத்து வருடத்தில் கிணற்றுக்கு வந்துவிடும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

மீம்ஸ்_மாமா
பிளாட் போட்டு வித்துடுங்க தலைவா. வாங்குறவன் கவலைப்படட்டும்.

பாலாறு_கழனி
வாங்குகிறவன் வீட்டிலும் குழந்தை இருக்குமே மாமா.

நொய்யல்_ஓரம்
வணக்கமுங்க. நான் ஈரோடு மாவட்டம், நொய்யலுக்குப் பக்கத்து ஊர். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் என் கண் குரோமியத்துக்குப் போகவில்லை. டி.டி.எஸ். 3,400, சோடியம் 900! உங்கள் நெல்லைக் கொன்றது அதுதானுங்க. எங்களுக்கு ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் கட்டிக் கொடுத்தார்கள், பாசனத்துக்கு என்று. திருப்பூர் சாயத்தண்ணி வந்து அதில் நின்றதுதான் மிச்சம். அணையைச் சுற்றி இருந்த கிணறெல்லாம் உப்பாகிப் போச்சு. சாயக்கழிவு என்றால் எல்லோரும் கலரைத்தான் பார்ப்பார்கள். கலர் பாதி மண்ணிலேயே நின்றுவிடும். சாயம் பிடிக்கப் போடுகிற உப்புதான் கிணறு வரைக்கும் வரும்.

லேப்_தேவி
நொய்யல் அண்ணா சொல்வதைப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. மாதிரி எப்படி எடுத்தீர்கள்? நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் எண்ணை விட பாட்டிலைத்தான் முதலில் கேட்பேன்.

உலோகம் பார்க்க வேண்டிய தண்ணீரில் அங்கேயே கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் உலோகத்தில் ஒரு பகுதி பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், இல்லை துருவோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். குரோமியத்தில் 3, 6 என்று இரண்டு வடிவம் உண்டு, 6தான் அதிக விஷம். அந்தக் குரோமியம்-6க்கு இதற்கு நேர் எதிர். அந்தப் பாட்டிலில் அமிலம் விடவே கூடாது, விட்டால் 6 போய் 3 ஆகிவிடும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். மண்ணும் அப்படித்தான். ஈர மண்ணை சாணி, வேர், மட்கு எல்லாவற்றோடும் பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால், பைக்குள்ளேயே குரோமியம்-6 குறைந்துபோகும். அப்புறம் 'கண்டறியப்படவில்லை' என்று வருவதில் ஆச்சரியம் இல்லை.

பாலாறு_கழனி
தண்ணீரை ஒரு பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் கொடுத்தேன் மேடம். அமிலம் எதுவும் இல்லை. மண் மூன்று நாள் வண்டியில் இருந்தது.

லேப்_தேவி
சரி, அப்படியென்றால் 0.02 என்ற எண்ணை இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வையுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர எல்லை 0.05. தாண்டவில்லை என்று தெரிகிறது, ஆனால் அந்த மாதிரியை நம்பி எதையும் முடிவு செய்ய மாட்டேன். டி.டி.எஸ்., குளோரைடு, சோடியம் மூன்றும் பாட்டிலைப் பொறுத்தவை அல்ல. அவற்றை நம்பலாம்.

மண்_ஆய்வாளன்
நல்ல இழை. கழனிக்காரர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். ஊரில் சொன்ன இரண்டு பேரும் குரோமியம் என்பது ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மண்ணுக்குள் அது ஒரே பொருள் இல்லை.

ஷாப்பில் தோல் பதப்படுத்தப் போடுவது குரோமியம்-3, அதாவது பேசிக் குரோம் சல்பேட். பீப்பாயிலிருந்து வெளியே வரும்போது அமிலத்தன்மையோடு கரைந்த நிலையில் இருக்கும். உங்கள் மண்ணின் பி.எச். 8.1. அந்த மண்ணைத் தொட்ட உடனே அது ஹைட்ராக்சைடாகக் கெட்டிப்பட்டுப் படிந்துவிடும். 7க்கும் 10க்கும் நடுவில் அது தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. மிச்சம் இருப்பதும் களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மேல் அரையடியில் 210 நிற்கிறது. மழை அதை அடித்துக்கொண்டு போகவில்லை, கீழேயும் அது அவசரமாக இறங்கவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

குரோமியம்-6 வேறு ஜாதி. அது குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கும். களிமண்ணின் மேற்பரப்பும் எதிர்மின்தான், அதனால் ஒன்றையொன்று தள்ளும். அமில மண்ணில் இரும்பு ஆக்சைடு அதைக் கொஞ்சம் பிடிக்கும். உங்கள் ஊர்க் கார மண்ணில் அந்தப் பிடியும் தளர்வு. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போய்விடும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே தண்ணீர் மஞ்சளாகத் தெரியும்.

உப்பு, அதாவது குளோரைடு, மண்ணில் எதோடும் ஒட்டாது. தண்ணீரின் வேகமே அதன் வேகம்.

திருவிழாத் தெருவில் மூன்று பேரை ஒரே நேரத்தில் நடக்கவிட்டால் ஒருவர் எதையும் பார்க்காமல் கோயிலுக்குப் போய்விடுவார், ஒருவர் நாலைந்து கடையில் நிற்பார், ஒருவர் முதல் வளையல் கடையை விட்டே நகர மாட்டார். தெரு ஒன்றுதான்.

கணக்காகவே பார்க்கலாம். ஆற்று மணல் கலந்த நிலம், நீர் ஊடுருவும் திறன் நாளுக்கு 10 மீட்டர், நிலத்தடி நீர்மட்டச் சாய்வு ஆயிரத்துக்கு மூன்று, துளை இடம் நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நாளுக்கு 12 சென்டிமீட்டர் நகரும். வருடத்துக்கு ஏறக்குறைய 44 மீட்டர். உப்பும் அதே 44. மண்ணோடு ஒட்டும் அளவைக் காட்டுகிற பங்கீட்டுக் கெழு ஒரு பொருளுக்கு 1 லிட்டர்/கிலோ என்றால் அது தண்ணீரை விட ஏழு மடங்கு மெதுவாக, வருடத்துக்கு 6 மீட்டர் போகும். குரோமியம்-3க்கு அந்தக் கெழு 1,000 என்று வைத்தால் வருடத்துக்கு 7 மில்லிமீட்டர். ஒரு மனித ஆயுளில் ஒன்றரை முழம்கூட நகராது.

நொய்யல் ஐயா சொன்னது இதனால்தான் சரி. ஒரே ஓடையில் ஒரே நாளில் வந்த கழிவுதான். அதில் உப்பு கிணற்றுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, குரோமியம் வரப்பைத் தாண்டவில்லை.

பழைய_ஷாப்
நான் ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். தம்பி சொன்ன உப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புக் கண்டம் மாதிரி உப்பு போட்டுத்தான் அனுப்புவார்கள். முதல் வேலையே அதை உதறி, ஊறப்போட்டு உப்பை எடுப்பது. அந்த ஊறல் தண்ணிதான் இருப்பதிலேயே மோசம். அப்புறம் சுண்ணாம்பு, சல்பைடு, பிக்கிள் போடும்போது மறுபடி உப்பும் ஆசிட்டும். அதற்கும் பிறகுதான் குரோம்.

எங்கள் அப்பா காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய். ஒரு தோல் முடிய வாரக்கணக்கில் ஆகும். எழுபதுகளில் அரசாங்கம் அரைப் பதத் தோலை ஏற்றுமதி செய்யாதே, முடித்த தோலாக அனுப்பு என்று நெருக்கியது. குரோம் போட்டால் ஒரு நாள் இரண்டு நாளில் வேலை முடியும். எல்லாரும் அதற்கு மாறினார்கள். போட்ட குரோமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் குடிக்கும். மிச்சம் தண்ணியோடு வெளியே.

இன்னொன்று. குரோம் ஏறி நீலமான தோலைச் சீவும்போது ஷேவிங் மெஷினில் விழும் நீலத் தூளை அடுப்பெரிக்கக் கொண்டுபோவார்கள். மலிவு. சூளைக்கும் போகும். அது நல்லதா கெட்டதா என்று யாரும் அப்போது சொன்னதில்லை.

மண்_ஆய்வாளன்
ஐயா, அந்தக் கடைசிப் பத்தியை இந்த இழையில் எல்லோரும் இரண்டு தடவை படிக்க வேண்டும். குரோமியம்-3 உள்ள தோல் தூளையோ கழிவுச் சேற்றையோ காற்றுபடத் திறந்த நெருப்பில் எரித்தால், அதிலும் சுண்ணாம்பு கலந்திருந்தால், சாம்பலில் குரோமியம்-6 உண்டாகும். நகராமல் கிடந்ததை நாமே நகரும் பொருளாக மாற்றிக் கொடுக்கிறோம். கழனிக்காரரே, மேற்கு ஓரத்தில் பழைய நீலச் சேறு இருந்தால் அதன்மேல் தென்னை ஓலை, குப்பை எதையும் கொளுத்தாதீர்கள்.

ராணிப்பேட்டை என்றதும் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை தோல் ஷாப் இல்லை. தோல் ஷாப்புகளுக்கான குரோம் உப்பைத் தயாரித்த ஆலை. குரோமைட் தாதுவைச் சோடா, சுண்ணாம்போடு வறுத்துக் குரோமேட் எடுப்பார்கள். 1995இல் அது மூடப்பட்டபோது விட்டுப்போன கழிவுக் குவியல் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. அதில் இருப்பது குரோமியம்-6. கடுமையான காரத்தன்மை உள்ள கழிவு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், பல பத்தாண்டுகளுக்கு. கிளாஸ்கோவிலும் நியூஜெர்சியிலும் இதே வகைக் கழிவைப் பள்ளம் நிரப்பும் மண்ணாகப் போட்டுவிட்டு இன்றும் திண்டாடுகிறார்கள். உங்கள் கிணறு அந்தக் குவியலிலிருந்து நீர் ஓடும் திசையில் இருந்தால் நான் மேலே சொன்ன நிம்மதியெல்லாம் செல்லாது. எவ்வளவு தூரம்?

பாலாறு_கழனி
சிப்காட் எங்களுக்கு வெகு தூரம். நடுவில் ஆறே இருக்கிறது. எங்களுக்கு வந்தது ஷாப்பு ஓடை மட்டும்தான்.

இயற்கை_வழி
இத்தனை கெழு, கணக்கு எதற்கு? மண்ணில் உயிர் இருந்தால் எல்லா விஷத்தையும் அது சாப்பிட்டுவிடும். ஏக்கருக்குப் பத்து வண்டி தொழுவுரம், மாதம் ஒருமுறை ஜீவாமிர்தம், நாட்டுச் சர்க்கரைக் கரைசல். மூன்று வருடத்தில் மண் சுத்தம். ரசாயனத்தை ரசாயனத்தால் பார்ப்பதுதான் பிரச்சினை.

மண்_ஆய்வாளன்
பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பாதி நீங்கள் நினைப்பதை விட வலுவானது. வெல்லப்பாகை நிலத்தடியில் செலுத்தி, நுண்ணுயிர்களைப் பெருக்கி, குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்குவது அமெரிக்காவில் உண்மையிலேயே செய்கிற வேலை. கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் எரிவாயுக் குழாய் நிலையம் ஒன்று 1952 முதல் 1966 வரை குரோமியம்-6 கலந்த குளிர்விப்பு நீரைக் குட்டைகளில் விட்டது. அங்கே இப்போது எத்தனாலை நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். சர்க்கரையோ சாராயமோ, வேலை ஒன்றுதான். ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் குரோமியம்-6 நிலைக்காது.

மற்ற பாதிக்கு வருவோம். முதலாவது, எந்த நுண்ணுயிரும் குரோமியத்தைச் 'சாப்பிட்டு' இல்லாமல் ஆக்காது. அது தனிமம். டீசலைத் தின்னும், சில பூச்சிமருந்துகளைத் தின்னும், ஏனென்றால் அவை கார்பன் சேர்மங்கள், உடைந்தால் வேறு பொருள் ஆகிவிடும். உலோகம் உடையாது. இருக்கும் வடிவம்தான் மாறும். இரண்டாவது, ஆக்சிஜனைத் தீர்ப்பதற்கு ஒரு விலை உண்டு. மண்ணிலிருக்கும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கரைய ஆரம்பிக்கும். அவை பிடித்துவைத்திருந்த ஆர்சனிக்கும் கூடவே வெளியே வரும். ஹிங்க்லியிலும் மாங்கனீசையும் ஆர்சனிக்கையும் கண்காணிக்க வேண்டியதாயிற்று. வங்காளக் குழாய்க் கிணறுகளின் ஆர்சனிக் கதை இதுவேதான். அங்கே எந்த ஆலையும் கொட்டவில்லை. இமயமலை வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டியிருந்த ஆர்சனிக், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அவிழ்ந்து தண்ணீருக்குள் வந்தது.

மூன்றாவது, கழனிக்காரரின் பிரச்சினை உப்பு. எத்தனை வண்டி சாணம் போட்டாலும் குளோரைடு அப்படியே இருக்கும்.

இயற்கை_வழி
உப்புக்கு நான் தக்கைப்பூண்டு சொல்வேன். அதையும் மறுப்பீர்களா?

நொய்யல்_ஓரம்
தக்கைப்பூண்டு நல்லதுதானுங்க, நானே போடுகிறேன். உப்பு நிலத்திலும் எழுந்து வரும். மடக்கி உழுதால் மண் கொஞ்சம் இளகும். ஆனால் அது மண்ணை இளக்கும் வேலைதானே ஒழிய உப்பைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை இல்லை. கிணற்றில் அதே தண்ணியை இறைத்து மறுபடி பாய்ச்சினால் போன உப்பு திரும்பி வருமுங்க.

யாழ்_கிணற்றடி
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். மண் ஆய்வாளர் அண்ணையின்ரை கணக்கை எங்கட பக்கம் அப்பிடியே கொண்டுவர முடியாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். எங்களுக்குக் கீழே சுண்ணக்கல். மேலே செம்மண் சில அடி மட்டும். அதற்குக் கீழே வெடிப்பும் குகையும். மணல் நிலத்தில் மாதக் கணக்கில் நகருவது இஞ்ச ஒரு மாரி மழையோட நகர்ந்துவிடும். ஒட்டிக்கொள்வதற்கு மண் எங்கே இருக்கிறது? தோட்டத்துக்குப் போடும் பசளையில் மிஞ்சும் நைத்திரேற்று உங்கட குளோரைடு மாதிரியே எதிலும் ஒட்டாது, நேரே கிணற்றுக்குத்தான். சுன்னாகத்தில் மின்நிலையப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோதும் அதே கதை. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும் என்பதால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். கரைந்து வருகிறதை ஆர் பார்ப்பது?

கழனிக்காரத் தம்பி, உங்கட கிணற்றுக்குக் கீழே பாறை என்ன?

பாலாறு_கழனி
மேலே மணலும் வண்டலும். முப்பது அடிக்குக் கீழே மக்கிய பாறை, அப்புறம் கருங்கல். திறந்த கிணறு மக்கிய பாறையோடு நின்றுவிடுகிறது. முந்நூறு அடி போர் ஒன்று தனியாக இருக்கிறது. அதைப் பரிசோதிக்கவில்லை. வீட்டுக்குக் குடிக்க அதுதான்.

மண்_ஆய்வாளன்
யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது முக்கியம். என் கணக்கு மணலுக்கும் வண்டலுக்கும் மட்டும். கருங்கல்லில் தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் போகும். அங்கே 'வருடத்துக்கு 44 மீட்டர்' என்பதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு வெடிப்பு ஓடைக்கு நேர் கீழே இருந்தால் உங்கள் போர் தூரத்தில் இருந்தும் பக்கத்தில் இருப்பது போலத்தான். போர் தண்ணீரை உடனே கொடுத்துப் பாருங்கள். இந்த இழையில் நான் அவசரம் என்று சொல்வது அதை மட்டும்தான்.

'குரோமியம்-3 நகராது' என்பதற்கும் விலக்குகள் உண்டு. மட்கு கரைந்த பழுப்புத் தண்ணீர் அதைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தூரம் போகும். வெள்ளத்தில் மண்ணே அரித்துப் போனால் குரோமியமும் மண்ணோடு போகும். ஏரி வண்டல் எடுத்துக் கழனிக்கு அடிக்கிறோமே, அந்த ஏரிக்கு ஷாப்பு ஓடை வந்திருந்தால் நாமே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டுகிறோம். அப்புறம், மண்ணிலிருக்கும் மாங்கனீசு ஆக்சைடு குரோமியம்-3ஐ ஆக்சிஜனேற்றி 6 ஆக்கவும் செய்யும். சாதாரண வயல் மண்ணிலேயே இது நடக்கிறது என்று 1979இல் காட்டினார்கள். புதிதாக வந்து விழுந்த, இன்னும் கரையும் நிலையில் உள்ள குரோமியத்துக்கு அது பொருந்தும். வருடக்கணக்கில் கெட்டிப்பட்டுப் போனது மிக மெதுவாகத்தான் மாறும். ஆனாலும் அதனால்தான் மேற்கு வரப்பு மண்ணில் குரோமியம்-6ஐச் சரியான முறையில் ஒரு தடவை பார்க்கச் சொல்கிறேன். கனடாவில் விவசாய மண்ணுக்கு வழிகாட்டு அளவு மொத்தக் குரோமியத்துக்கு 64 மி.கி./கிலோ, குரோமியம்-6க்கு 0.4. இரண்டுக்கும் இடையில் எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் பாறையிலேயே குரோமைட் இருக்கிறது. அந்தப் பக்கத்து மண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்து அளந்தால் எண் எகிறும், யாரும் எதையும் கொட்டாமலேயே. மொத்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவோ நிம்மதியடையவோ கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

பாலாறு_கழனி
மிக்க நன்றி. நேராகவே கேட்டுவிடுகிறேன். அம்மா வரப்போரம் கீரை போடுகிறார்கள். சாப்பிடலாமா? நெல் வைத்துத் தண்ணீர் கட்டினால் குரோமியம் அரிசிக்கு வருமா? ஆர்.ஓ. வைத்தால் தீருமா? ஜிப்சம் போடலாமா?

மண்_ஆய்வாளன்
குரோமியத்தைப் பயிர் உறிஞ்சினாலும் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடும், தானியத்துக்கு ஏறுவது குறைவு. இந்த ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் குறைவதால் குரோமியம்-6 இருந்தாலும் 3 ஆகும். ஆனால் இதை எல்லா உலோகத்துக்கும் நீட்டக் கூடாது. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கத்துக் காட்மியம் நெல் வழியாகத்தான் மனிதருக்குள் போனது, எலும்பு முறிந்து கதறினார்கள். காட்மியத்தை அடக்க வயலில் தண்ணீரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அதே தண்ணீர் நின்றால் ஆர்சனிக் அரிசிக்கு அதிகமாக ஏறும். ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

கீரை வேறு கதை. உறிஞ்சுவதை விட, மழை தெறித்து இலையில் ஒட்டும் மண்தான் பிரச்சினை. மேற்கு வரப்பில் கீரை, முள்ளங்கி, பீட்ரூட் வேண்டாம். கிழக்குப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். காய்ந்த காலத்தில் மேற்கு ஓரத்தை வெறுமண்ணாக விடாமல் புல் மூடியிருக்கட்டும். தூசியாகப் பறந்து மூக்குக்குள் போவதும் ஒரு வழிதான்.

நொய்யல்_ஓரம்
ஆர்.ஓ. பற்றி நான் சொல்கிறேனுங்க, எங்கள் பக்கம் அதில் பி.எச்.டி. வாங்கியாச்சு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் போட்டார்கள். தண்ணி சுத்தமாகத் திரும்பி வருகிறது, உண்மை. பிரித்தெடுத்த கலப்பு உப்பு? மூட்டை மூட்டையாகக் கொட்டகையில். உப்பு எங்கேயும் மறைவதில்லையுங்க. உங்கள் வீட்டு மெஷினில் பாதித் தண்ணி நல்லதாக வந்தால் மீதிப் பாதி 6,800 டி.டி.எஸ்.ஸோடு வெளியே போகும். அதைத் தென்னை அடியில் விடாதீங்க. குடிக்க மட்டும் ஆர்.ஓ., பாசனத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

ஜிப்சம் போடலாம். ஆனால் கிணற்றுத் தண்ணி மட்டுமே பாய்ச்சிக்கொண்டு போட்டால் பணம்தான் கரையும்.

மண்_ஆய்வாளன்
ஜிப்சத்துக்குக் கொஞ்சம் விளக்கம். உங்கள் தண்ணீரின் சோடியம் உறிஞ்சு விகிதம், அதாவது கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற எண், நான் போட்ட கணக்கில் 12க்கு மேல் வருகிறது. சோடியம் களிமண்ணில் கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும். உப்புத் தண்ணீர் பாயும்வரை மண் பொலபொலவென்றுதான் இருக்கும், ஏனென்றால் அந்த உப்பே களிமண் துகள்களை ஒன்றாக வைத்திருக்கும். நல்ல மழை பெய்து உப்பு கரைந்து போனதும், சோடியம் மட்டும் மிச்சமாகி, களி பிரிந்து மேலே பாலாடை கட்டி இறுகிவிடும். 'மழை பெய்தபிறகு நிலம் கெட்டுவிட்டது' என்று விவசாயி சொன்னால் சிரிக்காதீர்கள், அது உண்மை. அதனால் ஜிப்சத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உழவில் கலக்க வேண்டும். மழைத் தண்ணீர் கால்சியத்தை உள்ளே கொண்டுபோய் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளியது போக வடிகால் வேண்டும், இல்லையென்றால் வேர் மண்டலத்திலேயே தேங்கும்.

பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைச் சேர்த்துக் கிணற்று நீரோடு கலந்து பாய்ச்சுங்கள். குட்டைக்கு மேற்கு வரப்பு நீர் வரவே கூடாது. நெல்தான் வேண்டுமென்றால் டி.ஆர்.ஒய்.-3 மாதிரி களர் தாங்கும் ரகம். இல்லையென்றால் பருத்தி. நெல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உப்பு தாங்கும்.

பழைய_ஷாப்
நஷ்டஈடு வாங்கினீர்களா தம்பி? அந்தக் காலத்தில் ஒரு லிஸ்ட் எடுத்தார்கள்.

பாலாறு_கழனி
அப்பா பெயர் இருந்ததாக நினைவில்லை ஐயா.

மண்_ஆய்வாளன்
தோல் ஷாப்புக் கழிவு வழக்கில் வந்த 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அமைத்த ஆணையம் 2001இல் 29 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. தலைக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் அதே வேலூர் ஷாப்புக் கழிவு விவகாரத்தில் மறுபடி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, நஷ்டஈடு, நிலத்தைச் சீரமைப்பது, கண்காணிப்புக் குழு எல்லாவற்றுக்கும் உத்தரவு உண்டு. ஒரு வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேளுங்கள். அதற்கும் நல்ல பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

பாலாறு_கழனி
சரி, மறுபடி மாதிரி எடுக்கிறேன். தேவி மேடம், மழைக்கு முன்னாலா பின்னாலா? எத்தனை இடம்?

இயற்கை_வழி
மழைக்குப் பிறகு எடுங்கள். அப்போதுதான் மண் இயல்பாக இருக்கும்.

லேப்_தேவி
இரண்டு தடவையும் வேண்டும். மழைக்கு முன் உப்பு உச்சத்தில் இருக்கும், பின்னால் நீர்த்துப் போயிருக்கும். குரோமியம் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அது அசையவில்லை. மழைக்குப் பின் கிணற்றில் கூடினால், மேலே எங்கோ கரைகிறது என்று அர்த்தம்.

மண்ணை மேற்கு, நடு, கிழக்கு என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் அரையடி, ஒன்றரை அடி, மூன்றடி ஆழத்தில் எடுங்கள். ஆழத்துக்கு ஆழம் மண்வெட்டியைத் துடையுங்கள், மேல் மண் கீழே விழுந்தால் மூன்றடியிலும் குரோமியம் இருப்பதாகப் பொய் சொல்லும். ஓடைத் தண்ணீர் எப்போதும் ஏறாத பக்கத்து நிலத்தில் ஒரு மாதிரி கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் 210 அதிகமா குறைவா என்று பேசவே முடியாது. கிணற்றிலும் போரிலும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். லேபில் முன்கூட்டியே சொன்னால் அமிலம் விட்ட பாட்டில் ஒன்று, விடாத பாட்டில் ஒன்று தருவார்கள். இரண்டையும் மாற்றிப் பிடித்துவிடாதீர்கள், விடாததுதான் குரோமியம்-6க்கு. அதில் ஒரு வினைப்பொருள் சேர்த்தால் செந்நீல நிறம் வரும், அதை 540 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அளவு தப்பும், அதனால் வடிகட்டச் சொல்லுங்கள்.

ஐஸ் பெட்டியில் திங்கள் முதல் வியாழனுக்குள் கொண்டுபோங்கள். வெள்ளி மாலை கொடுத்தால் திங்கள்கிழமைதான் திறப்பார்கள்.